வானமே தேர்வுக்கூடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மலையிலே பிறந்தவர்க்கு மேகம் புதிதன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏற்காட்டில் மேகம் வாசற்படி ஏறி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். பத்தடி தூரத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரமும் மறைந்து போகும். காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில், பழகிய வழிதானே என்று நடப்பவர், மேடென்று நினைத்துக் கால் வைத்த இடம் பள்ளமாக இருக்கக் கண்டு திகைத்து நிற்பதுண்டு. நானும் நின்றிருக்கிறேன். கண் மறைந்தபோது கால் சொல்வதை நம்பலாகாது என்பது சேர்வராயன் மலையில் சிறு பிள்ளையும் அறிந்த பாடம்.

எங்கள் மலையின் மேற்கு விளிம்பில் நின்றால் ஓமலூர்ச் சமவெளி கீழே விரிந்து கிடக்கும். அங்கேதான் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே மீண்டும் விமானம் பறக்கத் தொடங்கியபோது நான் பள்ளி மாணவன். பறவையை அண்ணாந்து பார்த்தே பழகிய கண், அன்று விமானத்தைக் குனிந்து பார்த்தது. நாங்கள் நின்ற இடத்தைவிடத் தாழ்வாக அது பறந்து, ஒரு மேகத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளிவந்தது. அன்று எனக்குள் எழுந்த கேள்வி இன்றளவும் நீங்கவில்லை. அந்த மேகத்துக்குள் விமானிக்கு வழி தெரிந்தது எப்படி? அவருக்கு வழி தெரியும் என்று சோதித்துச் சொன்னவர் யார்? உள்ளே அமர்ந்திருந்தவர்கள் எதை நம்பி அமர்ந்திருந்தார்கள்?

இக்கேள்விக்கு விடை தேடியபோது என் கைக்குக் கிட்டியது ஒரு மாமனிதரின் வாழ்க்கை. இந்தியாவில் விமானம் ஓட்ட முதன்முதலாக உரிமம் பெற்றவர் அவர். ஜே.ஆர்.டி. டாட்டா என்றால் இரும்பும் எஃகும், லாரியும் தொழிற்சாலையும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தத் தொழிலதிபரை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் தேர்வு எழுதிக்கொண்டேயிருந்த விமானியைப் பற்றி இங்கே சில சொல்ல விரும்புகிறேன்.

கடற்கரையில் முளைத்த கனவு

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா பார்சி வணிகர். தாயார் சூசன் பிரெஞ்சு நாட்டுப் பெண்மணி. பிரான்சின் வடகடற்கரையில் உள்ள ஆர்டெலோ என்னும் சிற்றூரில் அவர்கள் குடும்பம் கோடைக்காலத்தைக் கழிப்பது வழக்கம். அதே கடற்கரையில் லூயி பிளேரியோவுக்கும் ஒரு வீடு இருந்தது. 1909 ஜூலை 25-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்து உலகையே வியக்க வைத்தாரே, அந்தப் பிளேரியோதான். அவருடைய விமானி கடற்கரை மணலிலேயே விமானத்தை இறக்குவாராம். அதைக் கண்ட சிறுவன் உள்ளத்தில் பறக்கும் ஆசை வேர்விட்டதில் வியப்பென்ன? பதினைந்தாம் வயதில், அதே கடற்கரையில், ஒரு விமானத்தில் பயணியாக அமர்ந்து சிறிது நேரம் பறந்தார். விமானி ஆவது என்ற முடிவை அன்றே எடுத்துவிட்டார்.

ஆனால் ஆசை கைகூடப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் படையில் ஓராண்டுக் கட்டாயச் சேவை. பின்னர் 1925-ல் இந்தியா வந்து டாட்டா நிறுவனத்தில் ஊதியமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தையார் மறைந்தார். இருபத்திரண்டு வயது இளைஞரின் தோளில் குடும்பப் பாரமும் தொழிற்பாரமும் ஒருங்கே ஏறின.

முதல் உரிமம்

பம்பாய் ஜுஹுவில் பறக்கும் கழகம் தோன்றியதும் முதல் மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்தார் ஜே.ஆர்.டி. ஆசிரியருடன் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே பறந்த பின்னர், தனியே விமானத்தை எடுத்துச் சென்று பத்திரமாக இறக்கினார். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் அவருக்கு உரிமம் வழங்கப்பட்டது. அதிலிருந்த எண் 1.

அக்காலச் சர்வதேச விதிகளின்படி, உரிமம் கேட்பவர் இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டு என்னும் எண்ணின் வடிவில் பல முறை பறந்து காட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சறுக்கி வந்து, குறித்த இடத்துக்கு அருகில் தரையிறங்க வேண்டும். விமானம் தன் சொல் கேட்கிறதா, எஞ்சின் நின்றால் உயிரோடு இறங்கத் தெரியுமா? அன்றைய தேர்வு கேட்டவை இவ்விரண்டு கேள்விகளே. மேகத்தைப் பற்றியோ இரவைப் பற்றியோ மலையைப் பற்றியோ அது கேட்கவில்லை. அந்தக் கேள்விகளைப் பின்னாளில் வானமே கேட்டது. விடை தெரியாதவர்கள் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள்.

எண் 1 என்ற பெருமையோடு நின்றிருந்தால் ஜே.ஆர்.டி. ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளையாக, ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்குக்குப் பறப்பவராகவே இருந்திருப்பார். தேர்ச்சி பெற்றது தொடக்கம்தான் என்று அவர் கருதினார் என்பதை அவர் வாழ்வில் அடுத்து நடந்தவை காட்டுகின்றன.

ஆகா கான் ஒரு போட்டியை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, எந்தத் திசையிலாயினும், குறித்த காலத்துக்குள் தனியே பறந்து செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து இந்தியா நோக்கிப் புறப்பட்டார். இருவரும் எகிப்தில் அபூகிர் என்னும் இடத்தில் சந்தித்தனர். ஆஸ்பியின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. அவரிடம் மாற்றுப் பிளக் இல்லை. ஜே.ஆர்.டி.யிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டார். போட்டியில் ஆஸ்பி சில மணி நேர வித்தியாசத்தில் வென்றார். பின்னாளில் அவர் இந்திய விமானப்படையின் தளபதியாகவே உயர்ந்தார்.

இதைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு இதில் மற்றொன்றும் தெரிகிறது. மாற்றுப் பிளக் கொண்டு சென்றது முன்யோசனை. அதைக் கொடுத்தது தேர்வின் மீது கொண்ட மதிப்பு. யாருக்குப் பறக்கத் தெரியும் என்று காண்பதற்காக வைத்த போட்டியில், பிளக் இல்லாத காரணத்தால் ஒருவர் தோற்பது சரியான முடிவாகாது அன்றோ!

அஞ்சல் சுமந்த சிறகுகள்

இங்கிலாந்து விமானப்படையில் பணியாற்றிய நெவில் வின்சென்ட் என்பவர் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு விமானத் தபால் கொண்டு செல்லும் திட்டத்தோடு வந்தார். ஜே.ஆர்.டி. அதை ஏற்றார். அரசின் இசைவு கிடைக்க மூன்றாண்டுகள் ஆயின. இரண்டு சிறிய பஸ் மாத் விமானங்கள், இரண்டு லட்ச ரூபாய் முதல். இந்திய விமானப் போக்குவரத்தின் விதை இவ்வளவுதான்.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15. ஏறக்குறைய 25 கிலோ தபாலோடு ஜே.ஆர்.டி. கராச்சியில் தாமே விமானத்தை எடுத்தார். அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பின்னர் பம்பாய் ஜுஹுவில் மண் தரையில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். ரேடியோ இல்லை. வழிகாட்டும் கருவிகள் தரையிலும் இல்லை, விமானத்திலும் இல்லை. திசைகாட்டி, வரைபடம், கீழே தெரியும் கடற்கரை, இருப்புப்பாதை, விமானியின் அறிவு ஆகியவையே துணை.

அவ்வாறிருந்தும் முதலாண்டில் அவர்களுடைய விமானங்கள் 1,60,000 மைல் பறந்தன. 155 பயணிகளும் சென்றனர். தபால் தவறாமல் குறித்த நேரத்தில் சென்றது கண்டு அரசின் விமானத்துறையே பாராட்டியது. மழைக்காலத்தில் ஜுஹு மைதானம் சேறாகிவிடுமாதலால் அப்போது புனாவிலிருந்து பறந்தார்கள். எது இயலும், எது இயலாது என்று அறிந்து நடப்பதும் விமானியின் தேர்ச்சியில் ஒரு பகுதி என்பதை அச்சிறு நிறுவனம் காட்டியது.

இதற்கு மாறான காட்சி ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1934 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு விமானத் தபாலைத் தனியாரிடமிருந்து பறித்து ராணுவ விமானிகளிடம் ஒப்படைத்தது. அவர்கள் வீரர்கள்தாம். ஆயினும் பனியிலும் இரவிலும் மேகத்திலும் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி போதுமான அளவு இல்லாதவர்கள். சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீரம் வேறு, தேர்ச்சி வேறு என்பதை அந்நாடு இத்தகைய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

பேருந்தும் விமானமும்

மேகத்துக்குள் பறப்பது ஏன் இவ்வளவு கடினம்? இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விழைகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் பேருந்தில் இருப்பவர் வெளிப்பக்கமாகச் சாய்கிறார். கண்ணைக் கட்டிவிட்டாலும் வண்டி எப்பக்கம் திரும்புகிறது என்று சொல்லிவிடலாம். விமானமோ திரும்பும்போது தானும் ஒருபுறம் சாய்ந்துகொள்கிறது. சரியான அளவில் சாயும்போது புவியீர்ப்பு விசையும் மையவிலக்கு விசையும் சேர்ந்த தொகுபயன், விமானத்தின் தரைக்குச் செங்குத்தாகவே அமைந்துவிடும். தம்ளரில் உள்ள தண்ணீர் கூடத் தளும்பாது. நம் உட்செவியில் சுழற்சியை உணர்த்தும் நீர்மமும் சிறிது நேரத்தில் அச்சுழற்சிக்குப் பழகிவிடும். வெளியே அடிவானம் தெரியாவிட்டால், சாய்ந்து சுழன்று கீழே இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தில் இருப்பவர் தாம் நேராகப் பறப்பதாகவே உணர்வார். அந்நிலையில் உடல் சொல்வதைத் தள்ளிவிட்டுக் கருவி சொல்வதை நம்ப வேண்டும். ஒரு கருவி பொய் சொன்னால் மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இது பிறவியில் வருவதன்று. பழகிப் பழகி வருவது. பழகாவிட்டால் மறந்தும் போவது.

இதைத் தரையிலேயே பழக்க ஒரு வழி கண்டவர் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர். அவருடைய தந்தையார் ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்பவர். ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே, நின்ற இடத்தில் சாய்ந்தும் திரும்பியும் ஆடும் சிறு விமானம் ஒன்றை 1929-ல் செய்து முடித்தார். கண்காட்சிப் பொருளாகப் பலர் அதைக் கண்டு சிரித்தனர். 1934-ன் சாவுகளுக்குப் பிறகு அந்நாட்டு ராணுவமே அதைத் தேடி வந்து வாங்கியது. இன்று உலகெங்கும் விமானிகளைப் பயிற்றும் சிமுலேட்டர்களுக்கு அதுவே மூதாதை.

மலை கற்பித்த பாடங்கள்

ஜே.ஆர்.டி.யின் நிறுவனம் வளர்ந்தது. 1938-ல் டாட்டா ஏர்லைன்ஸ் ஆயிற்று. 1946-ல் ஏர்-இந்தியா என்று பெயர் பெற்றது. 1948 ஜூன் 8-ல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதல் விமானம் பறந்தது. 1953-ல் அரசு விமானக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியது. அம்முடிவு ஜே.ஆர்.டி.க்கு உடன்பாடன்று. ஆயினும் ஏர்-இந்தியாவின் தலைவர் பொறுப்பை ஏற்று மேலும் கால் நூற்றாண்டு நடத்தினார். 1962-ல் உலகிலேயே ஜெட் விமானங்களை மட்டும் கொண்ட முதல் கம்பெனியாக அது உயர்ந்தது. தாம் பயணியாகச் செல்லும்போதெல்லாம் குறிப்பெழுதும் வழக்கம் அவருக்கு உண்டு. தேநீரின் நிறம் முதல் கழிப்பறைத் தூய்மை வரை, கண்ட குறைகளை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்புவார். தலைவரே தேர்வாளராகப் பயணம் செய்த நிறுவனம் அது.

எனினும் வானத்தின் தேர்வில் அந்த நிறுவனமும் தவறியதுண்டு. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. 1950 நவம்பர் 3-ல் மலபார் பிரின்சஸ் என்னும் விமானம் ஐரோப்பாவின் மோன் பிளாங் சிகரத்தில் மோதி, அதில் சென்ற 48 பேரும் மாண்டனர். 1966 ஜனவரி 24-ல் கஞ்சன்ஜங்கா என்னும் விமானம் அதே மலையில் மோதி 117 பேர் உயிர் நீத்தனர். அவர்களுள் ஒருவர் நம் நாட்டு அணு விஞ்ஞானி ஹோமி பாபா. சிகரத்தைக் கடந்துவிட்டோம் என்று விமானி எண்ணியிருந்தார். சிகரமோ எதிரில் இருந்தது. மேகம் மூடிய மலையின் அடிவாரத்தில் பிறந்த எவருக்கும் இச்செய்தி நெஞ்சைச் சுடும்.

1978 ஜனவரி 1-ஆம் நாள் இரவு. எம்பரர் அசோகா என்னும் போயிங் 747 பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது. அரபிக்கடலின் மேலே இருட்டு. அடிவானம் தெரியவில்லை. வலப்புறம் திரும்பிய விமானம் நேர்நிலைக்கு வந்தது. ஆனால் தலைமை விமானியின் முன் இருந்த செயற்கை அடிவானக் கருவி, இன்னும் வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அதை நம்பி அவர் இடப்புறம் திருப்பிக்கொண்டே சென்றார். புறப்பட்ட இரண்டு நிமிடங்களுக்குள் விமானம் கடலில் வீழ்ந்தது. 213 பேர் மாண்டனர். அவர் புதியவர் அல்லர். பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர். பக்கத்திலேயே சரியாக வேலை செய்த வேறு கருவிகள் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அந்தச் சில நொடிகளில் கைகொடுக்கவில்லை.

பறந்த மணிகள் மட்டும் ஒருவரைக் காப்பாற்ற மாட்டா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பத்தாயிரம் மணி நேரம் கருவிகள் உண்மை சொன்னால், பத்தாயிரத்து ஒன்றாவது மணியில் ஒரு கருவி பொய் சொல்லும் என்ற எச்சரிக்கை மங்கிவிடுகிறது. ஆகவேதான் இன்று சிமுலேட்டரில் வேண்டுமென்றே கருவிகளைப் பொய் சொல்ல வைத்து விமானியைச் சோதிக்கிறார்கள்.

எழுபத்தெட்டு வயது மாணவர்

1978 பிப்ரவரியில் அன்றைய மத்திய அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. தாம் பெற்ற பிள்ளையைப் பிரிந்ததைப் போல் அவர் வருந்தினார். பின்னர் 1980-ல் அரசு அவரை நிர்வாகக் குழுவில் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

1982 அக்டோபர் 15. முதல் தபால் விமானம் பறந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த நாள். எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவர் லெப்பர்ட் மாத் என்னும் பழங்காலச் சிறு விமானத்தில் கராச்சியில் தனியே ஏறினார். அகமதாபாத் வழியாகப் பறந்து பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். முப்பதாம் ஆண்டு நிறைவிலும் அவர் இவ்வாறே பறந்திருந்தார். ஒரு சிலை திறந்து வைத்தோ, விழா மேடையில் மாலை வாங்கியோ அந்த நாளைக் கொண்டாடியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், எனக்கு இன்னும் பறக்கத் தெரியும் என்று பறந்தே காட்டினார். ஐம்பத்து மூன்றாண்டுகளுக்கு முன் பெற்ற உரிமத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவரால் இது இயலுமா? இளைஞர்கள் துணிவையும், தொழிலை நேர்த்தியாகச் செய்யும் பெருமிதத்தையும் இழந்துவிடக் கூடாது என்பதே அப்பயணத்தில் அவர் கொண்ட நோக்கம்.

1992-ல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் மறைந்தார். பிறந்த பாரிஸ் மண்ணிலேயே அடக்கமானார். அவர் தொடங்கிய ஏர்-இந்தியா 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா நிறுவனத்திடமே வந்து சேர்ந்தது.

இன்றைய தேர்வும் இன்றைய இழுக்கும்

இன்று நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற வேண்டுமானால் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வழியறிதல், வானிலை, வான்விதிகள், விமானத்தின் அமைப்பு முதலியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. கண்டிப்பான உடற்பரிசோதனை உண்டு. வேலை கிடைத்த பின்னர் அந்தந்த வகை விமானத்துக்கென்று சிமுலேட்டரில் தனிப் பயிற்சி. அதன் பிறகும் விடுதலை இல்லை. ஆண்டுக்கு இருமுறை சிமுலேட்டரில் அமர்த்தி, எஞ்சின் பழுது, தீ, கருவிக் கோளாறு என்று பல இடர்களைத் தந்து சோதிக்கிறார்கள். தலைமுடி நரைத்த கேப்டனும் தேர்வு நாளுக்கு முன் புத்தகத்தைப் புரட்டத்தான் வேண்டும்.

இவ்வளவு இருந்தும் 2010 மே 22-ல் மங்களூரில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர். மிக உயரத்தில் வந்துவிட்டோம், இறங்க வேண்டாம், மீண்டும் மேலே போவோம் என்று துணை விமானி மும்முறை எச்சரித்தும் கேப்டன் ஏற்கவில்லை. கையின் திறமையோடு, பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்கும் காதின் திறமையும் சோதிக்கப்பட வேண்டும் என்பதை அந்த விபத்து கற்பித்தது.

அடுத்த ஆண்டு வந்த செய்தி இதைவிடக் கொடிது. 2011-ல் கோவாவில் ஒரு விமானம் முன்சக்கரம் முதலில் தரையில் படும்படி தவறாக இறங்கியது. அதை ஆராயப் போனபோது, உரிமத்துக்காகக் கொடுக்கப்பட்ட மதிப்பெண் பட்டியலே பொய்யானது என்று தெரியவந்தது. தொடர்ந்து தேடியதில் மேலும் சிலர் பிடிபட்டனர். பறக்காத மணிகளைப் பறந்ததாகப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்த செய்திகளும் வெளிவந்தன. வானம் கேட்கும் கேள்விக்குத் தாளில் பொய் விடை எழுதினால், மேகம் அதை ஏற்றுக்கொள்ளுமா?

என் பதிவேடு

இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. அதன் காரணத்தைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தால் நானும் பொய்ப் பதிவு எழுதியவனாவேன்.

முதலாண்டில் ஒரு நாள் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை. அளவுகள் சரியாக வரவில்லை. நேரமும் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய எவ்வளவு வர வேண்டும் என்பது தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கோணங்களை எழுதி, ரெக்கார்டு நோட்டை முடித்துவிட்டேன். விடை மிக அழகாக வந்திருந்தது. அளவுக்கு மீறிய அந்த அழகே காட்டிக் கொடுத்தது போலும். ஆசிரியர் நோட்டைப் பார்த்தார். கோபிக்கவில்லை. கருவியின் அருகே அழைத்து, தொலைநோக்கியை இணைகதிர்களுக்குச் சரிசெய்து காட்டு என்றார். அது சோதனையின் முதற்படி. எனக்குத் தெரியவில்லை. அவர் நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, நாளை வா என்று மட்டும் சொல்லிச் சென்றார். மறுநாள் இரண்டு மணி நேரம் நின்று கற்றுக்கொண்டேன். அன்று வந்த விடை அவ்வளவு அழகாக இல்லை. ஆனால் அது என்னுடையது.

என் பிழையால் எவர் உயிரும் போகவில்லை. அதனால் அது சிறு பிழை என்று நான் தேற்றிக்கொண்டதுண்டு. இப்போது அவ்வாறு எண்ண முடியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். என் மதிப்பெண் பட்டியலை என் தாயார் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார். அதில் எழுதியிருப்பதைச் சோதிக்க அவரால் ஆகாது. எழுதியிருந்தால் மகனுக்குத் தெரியும் என்றே நம்புவார். விமானத்தில் அமர்ந்திருக்கும் பயணியும் அவ்வாறே. முன்னறைக் கதவு மூடியிருக்கிறது. உள்ளே இருப்பவரைக் கேள்வி கேட்க அவரால் இயலாது. யாரோ நேர்மையாகச் சோதித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை ஒன்றே அவரைத் தாங்கி நிற்கிறது. சோதிக்க இயலாதவர்களின் சார்பில் செய்யப்படுவதே தேர்வு. அதில் பொய் எழுதுபவர் தேர்வாளரை ஏமாற்றுவதாக நினைக்கிறார். உண்மையில் அவர் ஏமாற்றுவது பின்னால் அமர்ந்திருப்பவர்களை.

நாளை நம்மில் சிலர் ஆசிரியராவோம். சிலர் மருந்தாய்வுக் கூடத்தில் இரத்தம் சோதிப்போம். சிலர் பாலத்துக்கும் மின்கம்பிக்கும் அளவெடுப்போம். ஓரிருவர் வானிலும் பறக்கலாம். ஒவ்வொருவர் பின்னாலும் நம்பி அமர்ந்திருப்பவர்கள் இருப்பார்கள்.

ஆராய்ந்து தெளிந்த பின்னரே ஒருவரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. அது அரசனுக்குச் சொன்னது. தன்னைத் தானே ஆராய்ந்து தெளிவது எப்படி என்பதை, எண் 1 உரிமத்தோடு நிறைவடையாமல் எழுபத்தெட்டாம் வயதிலும் கராச்சியில் விமானம் ஏறிய அந்த மாணவரிடம் கற்றேன்.

இப்போதும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மேற்கு விளிம்புக்குப் போவதுண்டு. கீழே விமானம் எழும்பி மேகத்தை நோக்கிச் செல்லும். உள்ளே இருப்பவரின் ரெக்கார்டு நோட்டு உண்மையானதாக இருக்க வேண்டும் என்று மனம் வேண்டிக்கொள்கிறது. அப்படியே என்னுடையதும்.